தபாலில் வரும் கையெழுத்து!

வாசலில் தபால்காரர் குரல் கேட்கிறது. பையன் ஓடுகிறான். வந்திருப்பது ஒரு கவர். அதன் மேல் முகவரி எழுதியிருப்பது யார்? அவனேதான்!

தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொண்டானா? இல்லை. கவரைப் பிரிக்கிறான். உள்ளே ஒரு படம். படத்தில் ஒரு விளையாட்டு வீரர். படத்தின் ஓரத்தில் அவர் கைப்பட இட்ட கையெழுத்து!

பையன் துள்ளிக் குதிக்கிறான். அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"யார் இவர்? பேரே கேள்விப்பட்டதில்லையே!" என்கிறாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இரண்டு பையன்கள்

இந்தப் பையன் திண்டிவனத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுடைய மாமா மகன் விழுப்புரத்தில் இருக்கிறான். இருவருக்கும் கையெழுத்துச் சேர்ப்பதில் போட்டி.

விழுப்புரத்துப் பையன் பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டுமே எழுதுகிறான். அவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் அவர்களால் பதில் போட முடியுமா? பதில் வந்தாலும், பல சமயம் அது அச்சடித்த கையெழுத்தாக இருக்கும்.

திண்டிவனத்துப் பையன் கெட்டிக்காரன். நன்றாக ஆடியும் பெரிய பெயர் கிடைக்காதவர்களுக்கு அவன் எழுதுகிறான். அவர்களுக்கு வருவதோ எப்போதாவது ஒரு கடிதம். அதை அவர்களே பிரிக்கிறார்கள். அவர்களே படிக்கிறார்கள். அவர்களே கையெழுத்துப் போடுகிறார்கள்!

அமெரிக்காவில்

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் மிகவும் பிரபலம். அங்கே விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சிறு அட்டைகள் விற்கின்றன. ஒரு காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டிலேயே அவை வந்தன. ரசிகர்கள் அந்த அட்டையைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

அமெரிக்கர்களின் கால்பந்து நம் கால்பந்து அல்ல. அங்கே பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் சிலர் நிற்பார்கள். பந்தோடு ஓடி வருகிறவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்ப்பது அவர்கள் வேலை. இவர்களுக்கு 'லைன்பேக்கர்' என்று பெயர். அடி படுவது இவர்கள். ஆனால் கைதட்டல் போவது பெரும்பாலும் பந்தை எறிகிறவனுக்கு!

ராண்டி கிராடிஷார் என்பவர் அப்படிப்பட்ட ஒரு வீரர். 1974 முதல் 1983 வரை டென்வர் அணிக்கு ஆடினார். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு பந்தயத்தைக்கூடத் தவறவிடவில்லை. அங்கே சிறந்த வீரர்களுக்காக 'புகழ் மண்டபம்' ஒன்று இருக்கிறது. அதில் அவருக்கு இடம் கிடைத்தது எப்போது தெரியுமா? 2024-ல்! ஆட்டத்தை விட்டு 40 ஆண்டுகள் கழித்து!

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம்.

1973-ல் சென்னை சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தது. தமிழ்நாடும் பம்பாயும் மோதின. பம்பாய் அணியில் பத்மாகர் சிவால்கர் என்ற இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் இருந்தார். முதல் இன்னிங்சில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். தமிழ்நாடு எடுத்தது 80 ரன், பிறகு 61 ரன். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே பந்தயம் முடிந்துவிட்டது!

அந்த சிவால்கர் இந்தியாவுக்காக எத்தனை டெஸ்ட் ஆடினார்? ஒன்றுகூட இல்லை!

அரியானா அணியின் ராஜிந்தர் கோயல் கதையும் இதுதான். ரஞ்சிப் பந்தயங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 637. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. 1974-ல் பெங்களூரில் வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு எதிரான டெஸ்டுக்கு அவரை அழைத்தார்கள். ஆனால் களத்தில் இறக்கவில்லை. அந்த வாய்ப்பு மறுபடி வரவே இல்லை.

காரணம் என்ன? இருவரும் இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர்கள். அதே காலத்தில் அதே வகையில் பந்து வீசிய இன்னொருவர் இருந்தார். அவர்தான் பிஷன் சிங் பேடி! 67 டெஸ்டுகளில் 266 விக்கெட் எடுத்த மேதை. ஆல மரத்தடியில் வேறு மரம் எப்படி வளரும்?

நம் சென்னை வி. வி. குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்சிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட்! அதே ஆண்டில் இன்னொரு டெஸ்ட் ஆடினார். அதோடு சரி. ரஞ்சிப் பந்தயங்களில் 400-க்கு மேல் விக்கெட் எடுத்தும் மூன்றாவது டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவில்லை.

எப்படி எழுதுவது?

இதற்குப் பெரிய செலவு வேண்டாம்.

வீரரின் படம் ஒன்று வேண்டும். நல்ல தாளில் எடுத்த போட்டோ போதும். அதோடு ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். "நீங்கள் பெரியவர்" என்று பொதுவாக எழுதினால் போதாது. அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைக் குறிப்பிட்டு எழுதவேண்டும். "1973-ல் நீங்கள் இப்படி ஆடினீர்கள் என்று தாத்தா சொன்னார்" என்று எழுதினால், படிக்கிறவர் மனம் குளிராதா?

முக்கியமானது பதில் கவர். அதில் தன் முகவரியை எழுதி, தபால் தலை ஒட்டி உள்ளே வைக்க வேண்டும். படம் மடங்காமல் இருக்க ஓர் அட்டையும் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தபால் நிலையத்தில் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. தபால் தலை குறைந்தால், கடிதம் பெறுகிறவர் தலையில் தண்டம் விழும்! வெளிநாட்டுக்கு எழுதும்போது கவனம் வேண்டும். அங்கிருந்து பதில் வர நம் தபால் தலை செல்லாது.

வீட்டு முகவரியைத் துருவித் தேடக் கூடாது. அவர் ஆடிய சங்கத்தின் முகவரிக்கே எழுதலாம். கையெழுத்தை விற்றுக் காசாக்கும் எண்ணமும் கூடாது. கடையில் வாங்கினால் போலிக் கையெழுத்தும் கிடைக்கும். ஆனால் தன் கையால் எழுதிய கவரில் திரும்பி வந்ததற்கு இருக்கும் மதிப்பே தனி.

ஆறு எண்கள்

முகவரியில் பின்கோடு எண்ணை மறக்கக் கூடாது. 1972 ஆகஸ்ட் 15-ல் இந்த முறை வந்தது. திண்டிவனத்துக்கு 604001. விழுப்புரத்துக்கு 605602. முதல் மூன்று எண்கள் கடிதங்களைப் பிரிக்கும் பகுதியைக் காட்டும். கடைசி மூன்று எண்கள் தபால் நிலையத்தைக் காட்டும். பக்கத்து ஊர்கள்தான், ஆனால் பகுதி வேறு! விழுப்புரத்தின் 605 புதுச்சேரிக்கும் உண்டு.

இந்த ஆறு எண்கள் சரியாக இருந்தால், பம்பாயிலிருந்து வந்தாலும் அரியானாவிலிருந்து வந்தாலும் கடிதம் வீட்டு வாசலைத் தேடி வந்துவிடும்.

காலம் காத்திராது

பதில் வர மாதக் கணக்காகலாம். வராமலும் போகலாம். அதற்காக மனம் தளரக் கூடாது. ஆனால் கடிதம் எழுதுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

2017-ல் கோயலுக்கும் சிவால்கருக்கும் இந்திய கிரிக்கெட் வாரியம் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. முடி நரைத்த பிறகு கிடைத்த மரியாதை! கோயல் 2020-ல் காலமானார். சிவால்கர் 2025-ல் காலமானார். இனி எந்தத் தபால்காரரும் அவர்களுக்கு ரசிகனின் கடிதத்தைக் கொண்டுபோக முடியாது.

ஆனால் அவர்களைப் போன்றவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிரிக்கெட்டில் மட்டுமா? ஹாக்கியில், கால்பந்தில், கபடியில்! ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தெருவில், நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு முதியவர். அவர் ஆடியதை உலகம் மறந்துவிட்டது. ஒரு நாள் தபால் வருகிறது. திண்டிவனத்திலிருந்து ஒரு பையன் எழுதியிருக்கிறான்!

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். கடிதத்தை இரண்டு தடவை படிக்கிறார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். பிறகு பேனாவை எடுக்கிறார்.

கையெழுத்து கிடைத்தது பையனுக்கு. பரிசு கிடைத்தது யாருக்கு?