பிரவுசர் தடுக்கிறதா? தேதியைப் பாருங்கள்!

பேங்க் வெப்சைட்டைத் திறந்தால் 'யுவர் கனெக்‌ஷன் ஈஸ் நாட் பிரைவேட்' என்று வருகிறதே, வைரஸா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நான் முதலில் பார்க்கச் சொல்வது டாஸ்க்பாரில் உள்ள தேதியை!

செக்யூரிட்டி சர்டிபிகேட் என்பது வெப்சைட்டின் அடையாள அட்டை. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி இவற்றுக்கு வெளியே இருந்தால், நல்ல சர்டிபிகேட்டையும் பிரவுசர் ஏற்காது. விண்டோஸில் தேதி மேல் ரைட் கிளிக் செய்து, 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' சென்று தேதி, நேரம், டைம் ஸோன் மூன்றையும் சரி செய்யுங்கள்.

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறதா? மதர்போர்டின் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். மாற்றினால் போதும்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், முகவரியில் எழுத்துப்பிழை உள்ளதா என்று பாருங்கள். பொது வை-பை என்றால் அதை விட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள்.

அப்போதும் வருகிறதா? 'அட்வான்ஸ்டு', 'புரொசீட்' என்று கிளிக் செய்து உள்ளே போய் பாஸ்வேர்டு தராதீர்கள். நடுவில் ஒருவர் போலி சர்டிபிகேட்டைக் காட்டினாலும் இதே எச்சரிக்கைதான் வரும். அன்றைய பேங்க் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பணம் பத்திரமாக இருக்கும்.