உறியில் தொங்கும் தக்காளி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சரளை கலந்த செம்மண் விளைகளில் தக்காளி நடுவோருக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. நேற்று வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி, பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே இன்று தலை சாய்ந்துவிடுகிறது. இலை பழுப்பதில்லை, பூச்சி கண்ணில் படுவதில்லை, மண்ணும் ஈரமாகவே இருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறார்கள். மூன்றாம் நாள் செடி போய்விடுகிறது.

இது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியரம் என்னும் நுண்ணுயிர் மண்ணிலிருந்து வேர் வழியாகப் புகுந்து, தண்டில் நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. சந்தேகமிருந்தால், வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடித்துப் பார்க்கலாம். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் ஐயமே வேண்டாம். புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் பெய்யும் மழையும், ஓயாத வெதுவெதுப்பும் இந்தக் கிருமிக்கு உகந்தவை. ஒரு முறை மண்ணில் குடியேறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மருந்து தெளித்துக் காப்பாற்றுவது நடவாத காரியம்.

மண்தான் குற்றவாளி என்றால், செடியை மண்ணிலிருந்து பிரித்துவிட்டால் என்ன? தலைகீழ்த் தக்காளி என்ற முறையில் நம் பகுதிக்குள்ள பயன் இங்கேதான் இருக்கிறது. வாளியின் அடியில் துளையிட்டு, வேர் மேலேயும் இலை கீழேயுமாக நட்டுத் தொங்கவிடுவது இம்முறை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுகளில் இதற்கென்றே தயாரித்த பைகள் 'டாப்சி டர்வி' என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டன. கஞ்சாவைக்கூட இவ்விதம் தொங்கவிட்டு வளர்ப்போர் வெளிநாடுகளில் உண்டு. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே அந்தப் பேச்சை விட்டுத் தக்காளிக்கு வருவோம். பால் சட்டியைப் பூனைக்கு எட்டாமல் உறியில் வைத்த வீடுகளுக்கு, தக்காளியைக் கிருமிக்கும் கோழிக்கும் எட்டாமல் உறியில் வைப்பது புதுமையாகத் தோன்றாது.

தலைகீழாக நட்டால் சத்து எளிதில் இறங்கிக் காய்ப்பு கூடும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். செடிக்கு மேல் எது, கீழ் எது என்பது நன்றாகத் தெரியும். 1806ஆம் ஆண்டிலேயே தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர், நீரோட்டத்தில் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி முளைக்கவிட்டு, வேரையும் தளிரையும் திசை திருப்புவது புவியீர்ப்பைப் போன்ற விசையே என்று காட்டினார். செடியின் சில உயிரணுக்களில் உள்ள மாவுமணிகள் எப்போதும் அடிப்பக்கம் போய்ப் படிகின்றன. அதைக் கொண்டு திசையறிந்து, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் கீழ்ப்பக்கத்தில் அதிகம் சேர்கிறது. கீழ்ப்பக்கம் வேகமாக நீளவே, தண்டு மேல்நோக்கி வளைகிறது. எனவே தலைகீழாகத் தொங்கும் தக்காளி, சில நாட்களிலேயே தூண்டில் முள்ளைப் போல் வளைந்து நுனியை வானத்துக்குத் திருப்பிக்கொள்ளும். காய் கனக்கும்போது மீண்டும் தொங்கும். இப்படி வளைந்து நிமிர்வதில் செடிக்கு ஆதாயம் ஒன்றுமில்லை.

ஆதாயம் வேறு இடங்களில் இருக்கிறது. புது மண், அதனால் வாடல் நோய்க்கு வழியடைப்பு. மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள கருகல் நோய் வித்துகளை இலையில் அப்புவதில்லை. தக்காளி கொடிபோல் சரியும் செடியாதலால், முட்டுக்கொடுக்கக் கம்பும் கயிறும் தேவையில்லை. மூன்று சென்ட் மனையில் வீடு போக எஞ்சிய இடத்தில் கிணறும் கழிவறையும் இருக்க, காய்கறிக்குப் பாத்தி எங்கே என்று கேட்போருக்குக் கூரை விளிம்பு பயன்படும்.

வாளி பத்து லிட்டர் கொள்ளளவும், இறுகப் பூட்டும் மூடியும் உள்ளதாக இருக்கட்டும். பெயிண்ட் வந்த வாளியானால் பலமுறை கழுவ வேண்டும். அடியின் நடுவில் ஐந்து செ.மீ. அகலத்தில் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். கூர் விளிம்பு தண்டை அறுத்துவிடும். நிரப்புவதற்கு மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, அத்துடன் நூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கு போதுமானது. தேங்காய் விளையும் ஊர்களில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காயலில் ஊறவைத்த மட்டையின் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் இடக்கூடாது. செம்மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி நின்ற இடத்து மண்ணை எடுத்தால் நோயையும் சேர்த்து உறியில் ஏற்றியதாகும். செய்த வேலை அத்தனையும் வீண்.

நாற்றை நேரே தலைகீழாக நட்டுத் தொங்கவிட்டால் பல நழுவி விழும். வாளியை மண்ணால் நிறைத்து மூடியைப் பூட்டி, துளை மேலே வரும்படி தரையில் கவிழ்த்து வைக்க வேண்டும். துளை வழியே 25 நாள் நாற்றை, தண்டின் பாதி வரை மண்ணுக்குள் போகுமாறு நட வேண்டும். புதைந்த தண்டிலும் வேர் விடுவது தக்காளியின் குணம். தென்னையின் பன்னாடையில் ஒரு துண்டு வெட்டி, நடுவே கீறி, தண்டைச் சுற்றிச் செருகினால் மண் கொட்டாது. இரண்டு வாரம் இப்படி நிமிர்ந்தே வளர்ந்து வேர் பிடித்த பிறகு, வாளியைத் திருப்பி, மூடியை எடுத்துவிட்டுத் தொங்கவிடலாம்.

எந்தப் பக்கம் தொங்கவிடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர்நாடுகளில் சூரியன் எப்போதும் சாய்ந்தே நிற்பதால் வாளிக்கு அடியிலுள்ள செடிக்கும் வெயில் கிடைக்கும். நாஞ்சில் நாடு பூமத்திய ரேகையிலிருந்து எட்டு பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது வாளியின் நிழல் முழுவதும் செடியின் மேல்தான். ஆகவே கார்த்திகையில் விதைத்து, மார்கழியில் நட்டு, தைப் பிறப்பை ஒட்டி வீட்டின் தெற்குப் பக்கம் தொங்கவிடுவது நல்லது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் செடி முழுதும் வெயில் படும். வடகிழக்குப் பருவமழையும் அடங்கியிருக்கும். மாசிக் கடைசியில் தொடங்கிப் பழம் பறிக்கலாம்.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தார் இன்னொன்றையும் எண்ண வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்று, உறியையும் விடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே இந்த வேலையே வேண்டாம். மற்ற மாதங்களிலும் வாளியை இரு பக்கமும் இழுத்துக் கட்டினால்தான் ஆட்டத்தில் தண்டு உரசாமல் இருக்கும்.

நனைந்த மண்ணும் செடியும் காயுமாகச் சேர்ந்தால் வாளியின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. செல்லரித்த கழிக்கோலில் மாட்டினால், கீழே விளையாடும் குழந்தையின் தலையில் விழும். கயிறு மழையிலும் வெயிலிலும் இற்றுவிடும். நல்ல உத்தரத்தில் கொக்கி அடித்து, துருப்பிடிக்காத கம்பி அல்லது சங்கிலியில் மாட்டுவதே முறை. வாளியின் மேல்விளிம்பு தோள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. நாள்தோறும் முக்காலி போட்டேறித் தண்ணீர் விடும் தோட்டம் ஒரு மாதம்கூட நீடிப்பதில்லை.

தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் தண்டு வழியே வழிந்து இலையை நனைக்கும். கண்ணில் ஊசித்துளையிட்ட சிரட்டையை மண்மேல் வைத்து, காலையும் மாலையும் நிரப்பினால் துளித்துளியாக இறங்கும். வெயிலுக்கேற்ப நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டியிருக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், பழத்தின் அடி கறுத்துத் தோல்போல் ஆகும். அது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததன் கோளாறு. பூஞ்சாண மருந்து வாங்குவது வீண் செலவு.

இத்தனை சிரமப்பட்டும், இதே வாளியை இதே மண்ணுடன் நிமிர்த்தித் தொங்கவிட்டாலும் காய்ப்பு குறையப்போவதில்லை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் நிமிர்ந்த வாளியே ஏற்றது. அவற்றின் தண்டு தானே நிற்கும். இடமுள்ளவர்கள் உறியை நாட வேண்டியதுமில்லை. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் ஆகிய தக்காளி இரகங்கள் வாடல் நோயைத் தாங்குபவை. கத்தரியைச் சுண்டைச் செடியின் வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டி நடுவதும் நல்ல பலன் தருகிறது.

உறியில் நின்ற செடி எப்படியோ நோய் தொற்றி வாடிவிட்டால், வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். வாளி மண்ணைக் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தென்னை மூட்டில் கொட்டலாம். அடுத்த நாற்று நடுமுன் வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.