பனிநாட்டு வேடனும் கையுறையும்

சங்கப் பாடல்களிற் பயின்றவர்க்குக் 'கையுறை' என்னுஞ் சொல் வேறொரு பொருளை நினைவூட்டும். தலைவன் தலைவியை நாடி வருங்கால் கையிற் கொண்டுவரும் தழையும் மலருமாகிய காணிக்கையே அங்குக் கையுறை. வேட்டைமேற் செல்பவன் போன்று வந்து, இவ்வழி யானை போயிற்றோ, மான் போயிற்றோ என்று வினவி நிற்பான் அவன். தோழியோ அவன் கருத்தை அறிந்தும் அறியாதவள் போன்று அக்கையுறையை ஏற்க மறுத்துவிடுவாள். குறுந்தொகையின் முதற் பாட்டே கையுறை மறுத்த பாட்டுத்தான். அந்தக் குறிஞ்சி நிலத்து வேடனின் கையிலே பூ இருந்தது. கைக்கு உறை வேண்டியிருக்கவில்லை. விரல் உறைந்து கறுத்து உதிர்ந்துவிடுங் குளிரை அவன் மலை அறியாது.

இன்று நாம் கையுறை எனும்போது கைக்கு இடும் உறையையே குறிக்கின்றோம். நம்மவர் பலர் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் குடியேறிய பின்னர் அப்பொருளில் அச்சொல் நம் வீடுகளிலும் நன்கு புழங்கலாயிற்று. முதற் பனிக்காலத்திற் கடைக்குச் சென்று, இருப்பனவற்றுள் எது தடித்ததோ அதனை வாங்கி வருவதே புதிதாய்ச் சென்றவர் வழக்கம். பேருந்துக்குக் காத்து நிற்பவனுக்கு அது போதும். வேட்டைக்குப் போகின்றவனுக்குப் போதாது. சிலவேளை அதுவே அவனைக் கெடுத்தும் விடும்.

குளிர் மிகும்போது உடம்பினால் முதலிற் கைவிடப்படுவது கையே. இது சொல்விளையாட்டன்று. இருதயமும் மூளையுங் குடலும் சூடாயிருந்தால் உயிர் நிற்கும். விரல் போனாலும் உயிர் போகாது. ஆதலின், குளிர் உறைத்ததும் உடம்பு விரல்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெப்பத்தை நடுவுடலிலே காத்துக்கொள்கின்றது. விரலோ தன் பருமனுக்குப் பெருந் தோற்பரப்பு உடையது. வெப்பம் உண்டாக்கும் தசை அதனிடத்தில் மிகச் சிறிது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம்போல அது விரைவிலே வறுமை அடைகின்றது. விரலின் தோல் வெப்பம் ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் கைத்திறன் குன்றத் தொடங்கும். 8 பாகை அளவில் தொட்டறியும் உணர்வே மங்கிவிடும். நீர் உறையும் நிலைக்குச் சற்றுக் கீழே போனால் தோலும் உறைந்துவிடும்.

1930 ஆம் ஆண்டில் தோமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் ஒரு புதுமையைக் கண்டு எழுதினார். விரலைப் பனிநீரில் வைத்தால் முதலில் அது நீரின் குளிரையே ஏறத்தாழ அடைந்துவிடுகின்றது. ஆனாற் சில நிமிடங்கள் சென்றதும், மூடிய இரத்தக் குழாய்கள் தாமாகவே திறந்து விரலைச் சூடாக்குகின்றன, பின்னர் மூடுகின்றன, மீண்டுந் திறக்கின்றன. எதையோ தேடி அலைவது போன்ற இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர் இட்ட பெயர் 'வேட்டை எதிர்வினை' என்பது. வேடனை நினைத்து இட்ட பெயரன்று. ஆயினும் வேடனுக்கு இதனைக் காட்டிலும் பயன்படும் மருத்துவச் செய்தி வேறில்லை. நடுவுடல் சூடாயிருக்கும் வரைதான் இந்த உதவி விரலுக்கு நன்கு கிடைக்கும்; உடம்பே குளிர்ந்துவிட்டால் அந்தக் கதவு திறக்கத் தயங்கும். எனவே, கை குளிர்கின்றது என்பவன் முதலிற் பார்க்கவேண்டியது தன் தொப்பியையும் மார்புச் சட்டையையும். நல்ல கையுறையின் பாதி தலையிலே இருக்கின்றது எனலாம்.

இனி, கையுறையிலே இரண்டு சாதி உண்டு. ஐந்து விரலுக்கும் ஐந்து அறை உள்ளது ஒன்று. அதனை விரலுறை என்போம். பெருவிரலுக்குத் தனி அறையும் மற்றை நான்கு விரலுக்கும் ஒரே பொது அறையும் உள்ளது மற்றொன்று, பையுறை என்போம். விரலுறைக்குள் ஒவ்வொரு விரலும் தனிக்குடித்தனம். தன் சிறு வெப்பத்தை நாற்புறமும் இழந்து நிற்கும். பையுறைக்குள் நான்கும் ஒன்றையொன்று அணைத்துக் கிடக்கும். ஒரே கனத்திற் செய்தாலும் பையுறையே சூடு மிகுந்தது. ஆனால் வேட்டை என்பது சுட்டுவிரலின் தொழில். துவக்கின் விசையை மெல்லென அறிந்து இழுப்பதும் ஒற்றை விரலின் நுண்ணுணர்வே. சூடு வேண்டுமாயின் விரல்கள் கூடவேண்டும். வேட்டை வேண்டுமாயின் விரல்கள் பிரியவேண்டும். பனிக்கால வேடன் கையுறை தேடும்போது உண்மையில் இந்தப் பிணக்குக்கே தீர்வு தேடுகின்றான்.

கடைகள் அளிக்கும் தீர்வு பெரும்பாலும் 'இன்னும் தடித்தது'. ஒன்ராறியோவின் காடுகளில் நவம்பர் மாதத்து மான் வேட்டைக்காரனை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னே சென்று மரத்திற் கட்டிய பரணில் அமர்கின்றான். அசைந்தால் மான் கண்டுவிடும். ஆகவே மணிக்கணக்காக அசைவதில்லை. நடப்பவனுக்கு உண்டாகும் சூடு அவனுக்கில்லை. மடியிலே உருக்கினாற் செய்த துவக்கு, தொட்ட இடமெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கின்றது. தடித்த விரலுறை அணிந்தவனுக்கு, மான் வந்து நிற்கும் அந்தக் கணத்தில், விசைக்கூட்டுக்குள் விரல் நுழையாது. நுழைந்தாலோ அதனினும் கெடுதி: விசையைத் தொட்டது விரலுக்குத் தெரியுமுன்னே உறையின் பருமன் அதனை அழுத்திவிடக் கூடும். நினையாத திசையிற் குண்டு பாய்வதற்கு அவ்வளவே போதும்.

நிற்க. இந்தப் பிணக்கைக் கடைகள் தோன்றுமுன்னரே தீர்த்துக்கொண்ட மக்கள் உளர். வட அமெரிக்காவின் ஆட்டிக் கரையிலும் கிறீன்லாந்திலும் வாழும் இனுயிற் மக்கள் அவர்கள். முன்னர் எஸ்கிமோவர் என்று பிறரால் அழைக்கப்பட்டவர்கள். பனிக்காலத்திற் கடல் உறைந்ததும், கடல்நாய் மூச்சு விடுவதற்கெனப் பனியிலே சிறு துளைகளைத் திறந்து வைத்துக்கொள்ளும். வேடன் அத்தகைய துளை ஒன்றின் அருகே எறியீட்டியுடன் குனிந்து நிற்பான். ஒரு மணி நேரமாகலாம். பல மணி நேரமும் ஆகலாம். காலடியில் ஒரு தோல்துண்டு, சுற்றிலும் காற்று. துளையில் நட்ட மெல்லிய குறி அசைந்த கணத்தில் ஈட்டி இறங்கவேண்டும். அன்று இல்லத்தாருக்கு இறைச்சியும் விளக்குக்கு நெய்யும் உண்டா இல்லையா என்பது அந்த ஒரு கணத்துக் கையைப் பொறுத்தது.

அக்கையில் அவர்கள் இட்டது பையுறையே. புவாலுக் என்பது அதன் பெயர். உலர்ந்த கடுங்குளிருக்குக் காரிபூ என்னும் மானின் தோல்; அதன் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே காற்றறைகள் கொண்டது. காற்றைச் சிறைப்பிடிப்பதே வெப்பத்தைச் சிறைப்பிடிப்பதாகும். தடிப்பு அதற்கு ஒரு வழி மட்டுமே. ஈரமுள்ள காலத்துக்கும் கடல்வேலைக்குங் கடல்நாய்த் தோல். அது சூட்டிற் குறைந்தது, ஆயினும் நீரை உட்புக விடாது. இன்ன நாளுக்கு இன்ன தோல் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. எல்லா நாளுக்கும் ஒரே கையுறை என்ற ஆசை நம் காலத்து ஆசை.

இவற்றைத் தைத்தவர்கள் பெண்கள். நரம்பை நூலாக்கி, ஈரம் பட்டதும் அந்நூல் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும்படி தைக்கும் நுட்பத்தைத் தாயிடமிருந்து மகள் கற்றாள். வேடனின் புகழைப் பயண நூல்கள் நிறையப் பேசும். அவன் கை அவனுக்கு எஞ்சியிருந்தது ஒரு பெண்ணின் ஊசியினால் என்பதைப் பேசுபவர் குறைவு. கிறீன்லாந்தில் தோற்படகிற் செல்லும் வேடருக்கு இரண்டு பெருவிரல் அறைகள் உடைய பையுறைகளைத் தைத்தனர். துடுப்புப் பிடித்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்தோ நனைந்தோ போனால், உறையைத் திருப்பி அணிந்துகொள்ளலாம், புறங்கை உள்ளங்கையாகிவிடும். ஐசுலாந்து மீனவரும் இவ்வாறே இரட்டைப் பெருவிரற் கம்பளி உறைகளை அணிந்தனர்.

நோர்வே நாட்டு றோல்ட் அமுண்ட்சென் இம்மக்களிடம் மாணவராக அமர்ந்தவர். 1903 முதல் 1905 வரை, இரண்டு பனிக்காலங்கள், கிங் வில்லியம் தீவிலே தம் கப்பலை நிறுத்தி, அயலில் இருந்த நெற்சிலிக் இனுயிற் மக்களின் உடையையும் பழக்கத்தையுங் கற்றார். உடை தளர்ந்திருக்கவேண்டும், உள்ளே காற்று நிற்கவேண்டும், வியர்வை தங்கலாகாது என்பவை அவர் கற்ற பாடங்கள். 1911 டிசம்பர் 14 இல் தென்துருவத்தை முதலில் அடைந்தவர் அவரே.

அதே 1911 ஆம் ஆண்டின் நடுப் பனிக்காலத்தில், அந்தாட்டிக்காவில், ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த மூவர் பேரரசப் பென்குயினின் முட்டைகளைத் தேடிப் புறப்பட்டனர். இதுவும் ஒருவகை வேட்டைதான். அவருள் ஒருவரான அப்சிலி செரி-கராட், பனிவண்டிகளை மேட்டில் ஏற்றும்போது கயிறு இழுப்பதற்காகத் தம் பையுறைகளைக் கழற்றினார். அப்போதைய குளிர் பாரன்ஹைற் அளவையில் சுழியத்துக்குக் கீழே 47 பாகை. பத்து விரல்களிலும் கொப்புளங்கள் எழுந்தன. பின்னர் அக்கொப்புளங்களின் உள்நீரே உறைந்து பனிக்கட்டி ஆயிற்று. சிறிது நேரம் உறையின்றி இருந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

வேட்டைக்கதை அன்றாயினும், மற்றொன்றையும் இங்குச் சொல்லாதிருக்க முடியவில்லை. 1950 யூன் 3 இல் பிரெஞ்சு வீரர் மொறிஸ் ஹேர்சொக் அன்னபூர்ணா சிகரத்தில் ஏறினார். 8000 மீற்றரைக் கடந்த சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதன்முறை. இறங்கும்போது பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவிலே உருண்டு போயின. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய பையில் மேலதிகமாக ஒரு சோடிக் காலுறை இருந்தது. அதனைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கைவிரல்களை அவர் இழந்தார். உயரமுங் குளிரும் மனிதனின் அறிவைக்கூட இப்படி மரக்கச் செய்யும். பையுறைகளைக் கயிற்றில் இணைத்துக் கழுத்திலே மாட்டிக்கொள்வது குழந்தைகளின் வழக்கம் என்று நகைப்பவர்கள் உண்டு. ஸ்கொட்டின் ஆட்களும் விளக்குத் திரியை வாராக்கி அவ்வாறே மாட்டிக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் நோக்கின், வேடனுக்கு வேண்டியது ஒரு கையுறை அன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு என்பது தெளிவாகும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பட்டு விரலுறை. அதன்மேல், எளிதிற் கழன்று விழுந்து கயிற்றில் தொங்கும் தளர்ந்த பையுறை. காத்திருக்கும்போது விரல்கள் கூடியிருக்கின்றன. மான் தோன்றியதும் பையுறை உதறப்படுகின்றது. மெல்லுறை அணிந்த விரல், வெறுந்தோலாக உருக்கிற் படாமல், விசையைத் தொடுகின்றது. அந்த அரை நிமிடத்துக்கு மட்டுமே அது தனித்திருக்கவேண்டும். சுட்டுவிரலுக்கு மட்டும் தனியறை வைத்துத் தைத்த பையுறைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கப் போர்வீரர் அணிந்தவை அவை. போர்வீரனுக்கு உறையைக் கழற்ற நேரமில்லை. வேடனுக்குப் பெரும்பாலும் உண்டு. ஆதலின் அவ்வகையை நான் இரண்டாந் தரமாகவே கொள்வேன்.

பஞ்சு நூலாலான உள்ளுறையை வாங்கவே கூடாது. நனைந்த பஞ்சு கையின் சூட்டைத் திருடும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் நனைந்ததாகத் தோன்றாது. ஈரம் வானத்திலிருந்து மட்டும் வருவதன்று. பரணை நோக்கி நடக்கும் வழியில் வேடனின் சொந்த வியர்வையே உள்ளுறையை நனைக்கும். பட்டறிந்தவர்கள் வெறுங்கையோடு நடந்து சென்று, அமர்ந்த பின்னரே உறை அணிவர். உலர்ந்த உள்ளுறை ஒன்றைச் சட்டைக்குள் மார்போடு வைத்திருப்பர். இரும்புத்தூள் நிறைத்த சிறு வெப்பப் பொட்டலங்கள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. இரும்பு துருப்பிடிக்கும்போது எழுஞ் சூடே அவற்றின் சூடு. காற்றுப் படாதவிடத்து அவை அணைந்துபோகும். நல்ல துணைதான், ஆயினும் உறைக்கு ஈடாகா.

அளவிலே பலர் ஏமாறுவர். கையோடு ஒட்டிப் பொருந்துவதே நல்ல உறை என்பது கோடைநாட்டு எண்ணம். இறுகிய உறை இரத்தத்தையும் நெருக்கும், காற்றுக்கும் இடம் விடாது. உள்ளுறையை அணிந்துகொண்டே மேலுறையைப் போட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே விரல்களை மடக்கி முட்டி பிடிக்க முடிந்தால் அளவு சரி. மணிக்கட்டை மூடிச் சட்டைக் கையின் மேலேறும் நீளமும் வேண்டும். விரலுக்குப் போகும் இரத்தம் அவ்வழியாகவே போகின்றது.

இனிச் சோதனை. கடையின் மேசைமேல் ஒரு நாணயத்தை வையுங்கள். மெல்லுறை அணிந்த விரலால் அதனை எடுத்துச் சட்டைப் பைக்குள் இட்டுப் பொத்தானைப் பூட்டுங்கள். பின்னர்ப் பையுறையையும் அணிந்து, மற்றைக் கையின் உதவியின்றி, ஒரே உதறலில் அது கழன்று விழுகின்றதா என்று பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். நாணயம் பைக்குள் போய், உறை கயிற்றிலே தொங்கினால், விலையைக் கேட்கலாம்.