யார் பட்டியலில் இருக்கிறோம்? கோவளத்திலிருந்து ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கேள்வி

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6ஆவது பதிவாக உள்ளன. ஆகவே ஒன்றிய அரசு எத்தகைய மருத்துவச் சீர்திருத்தத்தை அறிவித்தாலும், கோவளம் ஊராட்சியில் வாழும் ஒருவரின் கைக்கு அது பெரும்பாலும் மாநில அரசின் வழியாகவே வந்து சேர்கிறது.

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதைத் தொடர்ந்து 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. தமிழ்நாடு தன் திட்டத்தைக் கைவிடாமல் இரண்டையும் இணைத்தது. மேற்கு வங்கமோ 2019 ஜனவரியில் ஒன்றியத் திட்டத்திலிருந்து வெளியேறியது. இரண்டுமே மாநிலங்கள் எடுத்த முடிவுகள்தாம்.

இந்த இணைப்பில் தலித் மக்கள் கவனிக்க வேண்டியது தகுதி அளவுகோல். ஒன்றியத் திட்டம் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பைச் சார்ந்து உருவானது. அதன்படி ஊரகப் பகுதியில், விலக்கு விதிகளுக்குள் வராத பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் அந்த அடிப்படையிலேயே தகுதி பெறுகின்றன. நகர்ப்புறத்தில் சாதி அளவுகோல் இல்லை. தூய்மைப் பணி, வீட்டு வேலை போன்ற 11 தொழில் பிரிவுகளே கணக்கில் கொள்ளப்படுகின்றன. சாதி நகரத்தில் கரைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சென்னைக் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்துக்கு அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு, 2011 கணக்கெடுப்பு அறிந்த முகவரியே இன்று இல்லை.

மாநிலத் திட்டத்தின் அளவுகோல் வருமானம். 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2011 பட்டியலில் விடுபட்டவர்களுக்கும் இது கதவைத் திறக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கதவின் சாவி கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்கும் வருமானச் சான்றிதழ். அதைப் பெற்றபின் குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை கோவளத்தவருக்கு அது காஞ்சிபுரம். தினக்கூலிக்குச் செல்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி.

அட்டை கிடைத்தாலும் காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கும் அது உதவாது. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும்தான். இவ்விரண்டையும் நடத்துவது மாநிலம்.

பொறுப்பைப் பிரிப்பதில் ஏற்படும் குழப்பம் என்ன செய்யும் என்பதை 2021 காட்டியது. 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியை மாநிலங்களே வாங்கட்டும் என்றது ஒன்றிய அரசு. தமிழ்நாட்டின் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு எவரும் முன்வரவில்லை. ஜூன் 21 முதல் ஒன்றியமே மீண்டும் வாங்கி வழங்கியது. அதே காலத்தில் கோவளம் மீனவர் குடியிருப்பில் தன்னார்வலர்கள் பிரியாணியும் பரிசுகளும் தந்து மக்களைத் தடுப்பூசிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

காப்பீட்டின்கீழ் சிகிச்சை பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எந்த மருத்துவமனையில், எவ்வளவு தொகைக்கு என்று மாவட்டவாரியாக மாநில அரசிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கான மனுவைக் கோவளத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம்.