கோட்டூர்புரத்தில் ஏன் கூட்டம்?

காலை வேளை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாயிலில் இளைஞர் கூட்டம். தோளிலே பை; பையிலே சோற்று டப்பா; கையிலே தடித்த புத்தகம். கதவு திறந்ததும் அவர்கள் விரைவது மாடிகளை நோக்கி அல்ல. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போருக்கென ஒதுக்கியிருக்கிறார்களே, அந்த இடத்துக்கு! ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் போதும், அன்றைய பொழுது அவர்களுடையது.

நாமும் அங்கே நின்றோம். எந்த ஊர் என்று கேட்டோம். அரியலூர் என்றான் ஒருவன். தருமபுரி என்றாள் ஒருத்தி. விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர் என்றான் இன்னொருவன். அங்கெல்லாம் உட்கார்ந்து படிக்க இடமில்லையா தம்பி என்றோம். சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த நூலகம் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று முதலமைச்சர் கலைஞர் திறந்து வைத்தார். மறு ஆண்டே, 2011 நவம்பரில், இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய ஆட்சி அறிவித்தது. மருத்துவமனை வேண்டாமென்று யார் சொன்னார்? அதற்கு வேறு இடமா இல்லை சென்னையில்? உயர்நீதிமன்றம் தடை விதித்தது, புத்தகம் பிழைத்தது! மேடையில் சொன்னால் கைதட்டல் வானைப் பிளக்கும் கதை இது. சொல்வோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் இன்று நாம் கைதட்டல் வாங்க வரவில்லை, தோழர்களே!

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று ஊர் ஊராக முழங்கிய இயக்கம் நம்முடையது. டில்லியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது, நியாயமான கேள்வி. இன்று அந்த அரியலூர்த் தம்பி நம்மைப் பார்த்து, "சென்னை வாழ்கிறது, என் ஊர் தேய்கிறது" என்றால் நம் வாயில் என்ன பதில் இருக்கிறது?

படிக்க வைத்தோம். மறுக்க முடியுமா எவராலும்? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினர் நூறு பேருக்கு 47 பேர் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் இருந்தனர். இந்தியா முழுமைக்கும் பார்த்தால் 28தான். மாடு மேய்த்தவன் மகன் பொறியாளன்! களையெடுத்தவள் மகள் மருத்துவர்! ஆனால் பட்டம் கையில் வந்த மறுநாளே அவர்கள் நிற்பது பேருந்து நிலையத்தில் அல்லவா? ஊருக்கு மிஞ்சுவது முதியவர்களும், பொங்கலுக்கு வரும் பிள்ளைகளுக்காகப் பூட்டி வைத்த மாடி அறையும்.

வேலையையே ஊருக்குக் கொண்டுபோனால் என்ன? கொண்டும் போனார்கள். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் திருவான்மியூர். அதன் பக்கத்திலே, தரமணியில், 2000ஆம் ஆண்டு எழுந்தது டைடல் பூங்கா. அதைப் பார்த்துச் சிறிய அளவில் நியோ டைடல் பூங்காக்கள் 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்திலும், செப்டம்பரில் தஞ்சையிலும் சேலத்திலும், டிசம்பரில் தூத்துக்குடியிலும் திறக்கப்பட்டன. நல்ல காரியம், வரவேற்கிறோம். எதிர் முகாமில் இருப்பவர்கள் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துவதைக் காட்டுவார்கள். அதையும் வரவேற்கிறோம். நல்லதை யார் செய்தாலும் நல்லதுதான்.

ஆனால் கட்டடம் மட்டும் காளையரைக் கட்டிப் போடுமா? ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள், அவன் சொல்வான். ஊரில் ஒரே ஆலை என்றால் முதலாளி வைத்ததே கூலி. கோபித்துக்கொண்டு வெளியே வந்தால் பட்டினி. நூறு ஆலை இருக்கும் ஊரில்தான் தொழிலாளிக்கு முதுகெலும்பு நிமிரும். கணிப்பொறி முன் உட்காருபவனும் தொழிலாளிதானே! சட்டை வெள்ளையாக இருந்தால் வயிறு வேறாகிவிடுமா? இந்தக் கம்பெனி கைவிட்டால் அடுத்த வேலை எங்கே என்றுதான் அவனும் பார்க்கிறான். சென்னையில் தெருவைக் கடந்தால் கிடைக்கும். நம் ஊரில்? முதல் வேலையைக் காட்டி இளைஞனை அழைத்துவிடலாம்; அவனை இருக்க வைப்பது இரண்டாவது வேலை. ஒரு ஊருக்கு ஒரு கம்பெனி என்று பங்கு பிரித்தால் போதாது. ஒரே ஊரில் ஒன்பது பத்து நிறுவனங்கள் குவிய வேண்டும்.

போக்குவரத்தையும் சொல்லிவிடுவோம். விழுப்புரத்துப் பூங்கா இருப்பது வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு அருகே. விழுப்புரம் நகரத்துப் பெண் இரவுப் பணி முடித்து எந்தப் பேருந்தில் வீடு திரும்புவாள் என்பதையும் கட்டட வரைபடத்தோடு வரைய வேண்டும்.

இனி, வெளியே பேசத் தயங்கும் சங்கதிக்கு வருவோம்.

சென்னைக்குப் போகிறவன் சம்பளத்துக்காக மட்டுமா போகிறான்? ஊரிலே வாடகைக்கு அறை கேட்டால் முதல் கேள்வி, நீங்கள் யார் ஆட்கள்? தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், யார் வீட்டுப் பையன்? உடன் வேலை செய்யும் பெண்ணோடு நடந்தால் நாலு கண் பின்தொடரும். சென்னை மட்டும் சமத்துவபுரமா என்றால், இல்லை. இங்கேயும் வீட்டுத் தரகர் சுற்றி வளைத்துக் கேட்பதுண்டு. ஆனால் இந்த மாநகரின் நெரிசலில் ஒருவன் தன் சாதியைத் தொலைத்துவிட்டு நடக்க முடிகிறது. அந்த மூச்சுக் காற்றுக்காகத்தான் பாதிப்பேர் இங்கே வருகிறார்கள்.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நடந்தது என்ன? சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆதிதிராவிட இளைஞர், ஊர்ப்பக்கம் வந்திருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். வேற்றுச் சாதிப் பெண்ணைக் காதலித்தார் என்பதற்காக என்று வழக்கு. பெண்ணின் சகோதரன் கைதானான். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா சட்டம் செய்த மண் இது! படித்தவன் ஊர் திரும்ப வேண்டும் என்கிறோமே, திரும்பி வந்தவனை அரிவாள் அல்லவா எதிர்கொண்டது? எத்தனை அடுக்கு டைடல் கட்டினால் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அச்சம் தீரும்?

அரசு செய்ய வேண்டியது உண்டு. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதி 2023இல் தாம்பரத்தில் திறந்தார்கள். தஞ்சை, வேலூர், சேலத்திலும் விடுதிகள் நடந்தன. சாதி கேட்காமல் அறை தரும் அத்தகைய விடுதி, ஆண்களுக்கும் பெண்களுக்கும், ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் வேண்டும். கேட்டு வாங்குவோம்.

கிளைக் கழகம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நம் படிப்பகம் இருந்தது. ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு, நாலு நாளேடு. சவரக் கடையிலும் தையற் கடையிலும் கூட உரக்கப் படிப்பார்கள். எழுத்தறியாதவர் சுற்றி நின்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பெஞ்சுதானே கல்லூரி! இன்று பல ஊர்களில் பெயர்ப் பலகை இருக்கிறது. உள்ளே பழைய கொடிக்கம்பமும் தேர்தல் தட்டிகளும் தூங்குகின்றன.

அந்த அறையைப் பெருக்கி, பத்து நாற்காலியும் மின்விசிறியும் போட எவ்வளவு ஆகும்? ஒரு வரவேற்பு வளைவுக்கு ஆகும் செலவில் பாதி ஆகுமா? தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இரவு பத்து மணி வரை உட்காரட்டும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண், வீடு கிடைக்கவில்லை என்று அங்கே வந்து சொன்னால், சாதி கேட்காத வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது வட்டச் செயலாளர் வேலை.

உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சாவி இப்போது யார் வீட்டில் தொங்குகிறது? முதலில் அதை விசாரியுங்கள், தோழர்களே!