நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் சட்டம் தருவது என்ன?

நவம்பர் மாதம் வந்துவிட்டால் எங்கள் கிளையில் ஓய்வூதியர் கூட்டம் மிகும். வாழ்நாள் சான்று அளிக்க வரும் முதியோரில் பலர் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே வருகின்றனர். ஓராண்டு அவர்களுள் ஒருவர், வாயிலை நெருங்கும் இடத்தில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க நேர்ந்தது. ஆட்டோ ஒன்று உரசியதில் கீழே விழுந்தார். நல்ல வேளையாகச் சிராய்ப்போடு போயிற்று. நடைபாதையை அடைத்து நின்றவை எங்கள் வாடிக்கையாளர்களின் இருசக்கர வாகனங்கள். ஊழியர்களாகிய எங்களுடையவையும் அவற்றுள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

நடைபாதையிலோ மிதிவண்டித் தடத்திலோ வாகனத்தை நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. ஒரு ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினால் அவ்வளவும் தீர்ந்துவிடும். 2023இல் நாட்டில் சாலை விபத்துகளால் உயிரிழந்த 1.72 லட்சம் பேரில் 35,000க்கும் மேற்பட்டோர் பாதசாரிகள்.

வாகனங்களை அன்று, மனிதர்களை நகரச் செய்வதே நோக்கம் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006லேயே கூறிவிட்டது. ஆயினும் கொள்கை சட்டமாகாது. சட்டத்தில் இடம் கிடைத்தது 2019இல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் அவ்வாண்டு சேர்க்கப்பட்ட 138(1ஏ) பிரிவு, பாதசாரிகளும் இயந்திரமற்ற வாகனங்களும் பொது இடங்களைப் பயன்படுத்துவதை ‘ஒழுங்குபடுத்த’ மாநில அரசுகள் விதிகள் வகுக்கலாம் என்கிறது. இச்சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். ஒழுங்குபடுத்துதல் என்பது மிதிவண்டிக்குத் தனித் தடம் ஒதுக்குவதாகவும் அமையலாம். அதனைச் சாலையிலிருந்தே விலக்குவதாகவும் அமையலாம். கொல்கத்தாவில் முக்கியச் சாலைகள் பலவற்றில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டதை நாடறியும். எனவே அப்பிரிவின் பயன், மாநிலங்கள் எழுதும் விதிகளில்தான் அடங்கியுள்ளது.

அதே திருத்தம் 198ஏ என்னும் பிரிவையும் சேர்த்தது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ உடற்குறையோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு ஈடாக இத்தொகை சிறிதென்றே எங்களுக்குப் படுகிறது. எனினும் பழியை நடந்து சென்றவர் மீதே சுமத்தும் வழக்கத்தை இது சற்றேனும் மாற்றுகிறது.

தடையற்ற நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. தொடர்ந்து அக்டோபர் 7 அன்று, 138(1ஏ) பிரிவின் கீழும், சாலைத் தரம் பற்றிய 210டி பிரிவின் கீழும் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

விதிகள் ஒருபுறமிருக்க, இழப்பீடு பற்றியும் வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம். மோதிய வாகனம் நிற்காமல் சென்று அடையாளம் தெரியாவிடில், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படுகின்றன. விபத்து நிகழ்ந்த பகுதியின் வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பித்தல் வேண்டும். தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். ஆண்டுக்கு 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீடு, நடந்து செல்வோருக்கும் பொருந்தும். ஆனால் 70 வயதைக் கடந்தோர்க்கு அதில் இடமில்லை. நவம்பரில் எங்களைத் தேடி வருவோரில் பலர் அவ்வயதைக் கடந்தவர்களே.

எங்கள் கிளையில் இப்போது வாகனங்களைக் கட்டடத்தின் பின்புறம் நிறுத்தச் செய்கிறோம். ஐம்பது அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கின்றனர்.