கெட்டில் மேல் ஒரு கதை

ஓர் அலுமினியக் கெட்டில் பழசாகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுவோம், இல்லையா? மேற்கு வங்கத்தில் நயா என்று ஒரு கிராமம். அங்கே அலுமினியக் கெட்டிலின் மேல் மீனும் மயிலும் வரைந்து, அதை வரவேற்பறையில் வைக்கிற அழகுப் பொருளாக மாற்றிவிடுகிறார்கள்!

கொல்கத்தாவிலிருந்து சில மணி நேரப் பயணம். ஊரில் பலருக்கும் சித்ரகார் என்பதுதான் குடும்பப் பெயர். நீளமான படச்சுருளை விரித்து, அதிலுள்ள கதையைப் பாட்டாகவே பாடிக் காட்டும் படுவா ஓவியர்கள் இவர்கள். பெரும்பாலோர் இஸ்லாமியர்கள், ஆனால் ராமாயணமும் பாம்புத் தெய்வமான மனசா தேவியின் கதையும் இவர்கள் தூரிகைக்கு அத்துபடி.

வண்ணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், விளக்குப் புகையிலிருந்து கறுப்பு. ஒட்டிப் பிடிக்க வில்வப் பழப் பிசின். குழைத்து வைக்கத் தேங்காய்ச் சிரட்டை. கெட்டிலுக்கும், இவர்கள் ஓவியம் தீட்டும் குடைக்கும் மட்டும் பெரும்பாலும் கடைப் பெயின்ட்தான். மழையில் சங்குப்பூ நிற்காதே!

இன்று இவர்களின் ஓவியம் கொல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தல்களையும் அலங்கரிக்கிறது. நேரில் பார்க்க ஆசையா? ஹவுராவில் ரயிலேறி பாலிச்சக் நிலையத்தில் இறங்குங்கள். நவம்பரில் போனால் ஊர்த் திருவிழாவும் இருக்கும். வீட்டுச் சுவர்கள்கூட ஓவியமாக நிற்கும்.